பெரிய டப்பாவும் நீ மறுத்த பால் டம்ளரும்

கௌரிக்கண்ணு,

நேற்று உன் மாமியார் ஊரே பார்க்க நீட்டிய பால் டம்ளரை "எனக்குப் பால் ஆவாது அத்தை" என்று சொல்லி நீ வாங்காமல் இருந்தாயே, அந்த நிமிஷத்திலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பொண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த அப்பன் மூலையில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைக்க வேண்டும் என்பார்கள். நானோ நான் ஓட்டும் ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்கு ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டு, தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் சொல்லலாம் என்றால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை நீ மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு, உன் மாமியாருக்கும் காட்டு. ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை. நீ பார்க்காத ஒரு விஷயம் இன்றைக்குக் காலையில் நம் வீட்டில் நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரம். ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் அதற்கு ருசி, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

வாலாஜாபாத்தில் உன் மாமியார் வீட்டுக் கூடத்தில் உங்கள் இருவரையும் பாயில் உட்கார வைத்து, பாலில் வாழைப்பழத்தைப் பிசைந்து போட்டு எடுத்து வந்தபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உன் குணம் எனக்குத் தெரியும். ஆசையாக ஒருத்தர் ஒன்றைக் கொடுத்தால் அது வேப்பெண்ணெயாக இருந்தாலும் வாயைத் திறக்காமல் குடித்துவிடுவாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு மாநிலப் பளு தூக்கும் போட்டி. போன தடவை அந்தப் போட்டியில் என்ன ஆயிற்று என்று நமக்குத்தானே தெரியும். ஆனால் என் பயம் போட்டியைப் பற்றி மட்டும் இல்லை. முதல் நாளே வாயை மூடிக்கொண்டால் அந்த வீட்டில் நீ காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருப்பாய் என்பது பெரிய பயம். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்து, "நீ ஒன்னும் உள்ள பூந்து பேசாத. அவளே சொல்றாளான்னு பாப்போம்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நீ டம்ளரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், பிறகு நிமிர்ந்து சொன்னாய். யாரோ ஒரு பெரியம்மா, "பால் பழம் வாணாம்ன்றதா? இன்னாடி இது அபசகுனமா?" என்று ஆரம்பித்தாள். உன் மாமியார் கையில் டம்ளரோடு, "ஆவாதுன்னா இன்னாம்மா பண்ணும்?" என்று கேட்டார். "வவுத்தக் கலக்கிடும் அத்தை. ஞாயித்துக்கெயம போட்டி கீது." உன் மாமியார் டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அட, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? டேய், பின்னாடி எளநீ கீது, ஒன்னு சீவி எடுத்தா. எளநீய வுடவா மங்களம்?" மாப்பிள்ளை உன் பங்குப் பாலையும் வாங்கி மடக்கென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்தாரே, நல்ல பிள்ளை! அந்த இடத்திலேயே நான் விசில் அடித்திருப்பேன். சம்பந்தி வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

இந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு டப்பா இருக்கிறது. போன வருஷம் மாவட்டப் போட்டியில் நீ முதலாவதாக வந்தாய். உனக்கு ஏதாவது வாங்கித் தரவேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. ஸ்ரீபெரும்புதூரில் அந்த உடற்பயிற்சிச் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் அலமாரியைக் காட்டி, "வே புரோட்டீன், அதான் ஒடம்பு ஏத்துற சத்துப் பொடி, அதுல மூணு வகை கீது சார். கான்சன்ட்ரேட், ஐசோலேட், ஹைட்ரோலைசேட். உங்களுக்கு எது?" என்று கேட்டான். எனக்கு அதில் ஒரு எழுத்து புரியவில்லை. "இதுல எதுப்பா பெரிய டப்பா?" என்றேன். கான்சன்ட்ரேட்தான் பெரிசு, விலையும் அதுதான் கம்மி, மேலே சிங்கப் படம் வேறு. நெல் மூட்டை தூக்கிய குடும்பத்துக்கு அது போதாதா? தோளில் வைத்துக்கொண்டு வந்து பஸ்ஸின் முதல் சீட்டில் உட்கார வைத்தேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஏறிய செகண்ட் ஷிஃப்ட் பிள்ளைகள் எல்லாம், "இன்னாண்ணா, புது பாசஞ்சரா?" என்று கிண்டல் பண்ணினார்கள். "எம் பொண்ணுக்குடா!" என்று நான் சொல்லிய சொல்லில் ஒரகடம் வரைக்கும் ஹாரனே தேவைப்படவில்லை.

அந்தப் பொடி எதிலிருந்து வருகிறது என்று கடைக்காரப் பையன் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியாமல் போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது நம் வீட்டுக் காதல் கதை, உனக்கு அரைகுறையாகத் தெரியும். தொண்ணூற்று ஒன்றில் இங்கே கம்பெனிகள் ஏது? ஏரி, நெல்லு, வேர்க்கடலை. மண்ணூருக்கு அந்தாண்ட ஒரு தகரக் கொட்டகையில், மெட்ராஸ் ஓட்டல்களுக்குப் பனீர் போடும் ஒரு சின்ன இடம் மட்டும் இருந்தது. நான் அங்கே அண்டா தூக்கினேன். உன் அம்மா பனீர் கட்டும் துணிகளை அலசினாள். காய்ந்த பாலில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றினால் பால் திரிந்து கட்டி ஒரு பக்கம், இளம்பச்சையாகத் தண்ணி ஒரு பக்கம் என்று பிரியும். கட்டியைத் துணியில் மூட்டை கட்டிக் கருங்கல்லை ஏற்றுவோம். தண்ணி கால்வாயில் ஓடும். சாயங்காலம் ஆட்டுக்கல்லைத் தூக்கிப் பந்தயம் கட்டும் பையன்கள் நாங்கள் நாலைந்து பேர். அந்தத் தண்ணியைக் குடித்தால் உடம்பு ஏறும் என்று யாரோ சொல்ல, ஆளுக்கு ஒரு சொம்பு மொண்டு குடிப்போம். கால்வாயில் போகிறதுதானே என்று முதலாளியும் கண்டுகொள்ள மாட்டார். அந்தத் தண்ணியைத்தான் இன்றைக்குக் காயவைத்துப் பொடியாக்கி, சிங்கப் படம் போட்டு விற்கிறார்கள்! கேட்டதும் கடையிலேயே நான் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டேன்.

உன் அம்மாவிடம் பேச எனக்கு அப்போது தைரியம் கிடையாது. அதனால் நான் கண்டுபிடித்த வழி இதுதான்: தண்ணி சூடாக இருக்கும்போதே ஒரு டம்ளர் தனியாக எடுத்து, உப்பு போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுக் கொண்டுபோய் நீட்டுவேன். "இன்னா இது?" என்பாள். "ஒடம்புக்கு நல்லது" என்பேன். அவ்வளவுதான் எங்கள் வசனம். ஒரே மூச்சில், கீழே வைக்காமல் குடிப்பாள். குடித்த கையோடு டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் விறுவிறுவென்று போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்துப் பூரித்துப் போவேன். தினமும் கொடுத்தேன், தினமும் குடித்தாள். நம்மைப் பிடித்துப்போய்த்தானே குடிக்கிறாள் என்று தைரியம் வந்து, வீட்டில் பெரியவர்களை விட்டுப் பேசச் சொன்னேன். கல்யாணம் ஆனபிறகும் பழக்கம் விடவில்லை. ட்யூட்டி முடித்து வந்ததும் அவளுக்கு ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுப்பேன். அவள் அதைக் "காத்தாடக் குடிக்கிறேன்" என்று கொல்லைப்பக்கம் எடுத்துக்கொண்டு போவாள். இந்த உலகத்தில் பெண்டாட்டிக்குத் தினமும் பால் காய்ச்சிக் கொடுக்கிற டிரைவர் வேறு எவன் இருக்கிறான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். தினமும் காலையில் நான் எதிரில் நின்று பார்க்க நீ அதைக் கலக்கிக் குடித்தாய். ஒரு மாதத்தில் முகம் வாடியது. "இன்னாம்மா?" என்றால் "ஒன்னுமில்லப்பா, கம்பெனி ஷிஃப்ட்டு" என்றாய். மாநிலப் போட்டி அன்று, எடை மாட்டிய பார்பெல்லுக்கு முன்னால் வரச் சொல்லி உன் பெயரைக் கூப்பிட்டார்கள், நீ கழிவறையில் இருந்தாய். ஓடிவந்து பிடித்தாய், தூக்கவும் ஆரம்பித்தாய். முட்டிக்கு மேலே வந்த பார் அப்படியே நின்று கீழே போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ இறங்கி வந்ததைப் பார்த்து, "பதட்டம், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று எல்லாருக்கும் நானே பதில் சொன்னேன். பிறகு கம்பெனி உன்னைப் பயிற்சிக்கு ஓசூர் அனுப்பியது. டப்பா கனம் என்று விட்டுவிட்டுப் போனாய். திரும்பி வந்தபோது கன்னம் பளபளவென்று இருந்தது. மறுபடி டப்பாவைத் திறந்தாய், மறுபடி வாடினாய். அப்போதும் இந்த மரமண்டைக்கு விளங்கவில்லை. உன் உடம்புக்கு ஓசூர்த் தண்ணி ஒத்துக்கொள்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பஸ்ஸில் முன்சீட்டுக்காரன் பிரகாஷ் இருக்கிறானே, உன் ஜிம்முக்கு வருகிற பையன், அவன்தான் ஒருநாள் பிடித்துக் கேட்டான். "அண்ணா, அந்த டப்பா பின்னாடி இன்னா எய்திக்கீது, படிச்சியா?"

"படம் பாத்தேன்பா. சிங்கம் போட்டுக்கீது."

"சிங்கத்த வுடுண்ணா! கான்சன்ட்ரேட்ல பால் சக்கர கொஞ்சம் தங்கிக்கும். சில பேரு வவுத்துக்கு அது ஆவாது. ஐசோலேட்ல அத முக்காவாசி எடுத்துட்டிருப்பாங்க. ஒரு தபா டாக்டராண்ட கேட்டுப் பாரு."

கம்பெனி டாக்டரம்மாவும் அதையே சொன்னார். பால் சர்க்கரை உனக்குச் செரிக்கவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை, கொஞ்ச நாள் பாலை நிறுத்திப் பார், பொடி வேண்டும் என்றால் வகையை மாற்று என்றார். வெளியே வந்து உன்னிடம் கத்தினேன். "இத்தினி நாளா வவுத்து வலியோட குடிச்சினு இருந்தியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: "நீ ஆசையா வாங்கினு வந்தப்பா. எப்டி வாணாம்னு சொல்றது?" அன்றைக்குப் பஸ்ஸை ஓட்டும்போது எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நாம் அடித்த கூத்து இருக்கிறதே! நம் சமையலறையே ஆராய்ச்சிக்கூடம் ஆகிவிட்டது. முதலில் ஐசோலேட் என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்ட டப்பாவை நான் எடுக்கப்போனேன். நீ அதைத் திருப்பினாய். பின்பக்கச் சின்ன எழுத்தில், எது அதிகமோ அதை முதலில் போடுவார்களே, அங்கே முதல் பெயரே கான்சன்ட்ரேட் என்று இருந்தது, ஐசோலேட் அதற்குப் பிறகுதான். கம்பெனி லைனில் நின்று நாள் முழுக்கப் பாகங்களைத் திருப்பித் திருப்பிச் சோதிக்கிற கண்ணாயிற்றே, உன்னை ஏமாற்ற முடியுமா? அப்புறம் ஹைட்ரோலைசேட் சின்னப் பாக்கெட் ஒன்று வாங்கினோம். குழந்தைக்குச் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவது போல, முன்னாடியே பாதி செரிக்க வைத்தது அது என்று பிரகாஷ் சொன்னான். விலையோ ஆகாசத்தில். ஒரு வாய் குடித்துவிட்டு நீ வாசலுக்கு ஓடித் துப்பினாய். நான் வீராப்பாகக் குடித்துப் பார்த்தேன். அப்பா! கசாயம் தேவலாம். கடைசியில் சுத்தமான ஐசோலேட் வந்தது. அதை நான் ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போகிற உனக்குச் சூடாகக் கொடுக்கலாம் என்று கேழ்வரகுக் கஞ்சி போல அடுப்பில் வைத்துக் கிண்டினேன். பாத்திரத்தில் இட்லி மாதிரி கட்டி கட்டியாக நின்றது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, திரும்பவும் பனீர் போட ஆரமிச்சிட்டியா?" என்றாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார்கள்.

பச்சைத்தண்ணியில் கலக்கிய ஐசோலேட் உன் வயிற்றில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அதோடு அவித்த முட்டை, சுண்டல், அம்மா கையால் கொள்ளுத் துவையல். எல்லாவற்றையும் பொடியே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதே, அது துணைக்கு வருகிற ஆள்தான். போன வாரம் ஜிம்மில் நீ அந்தப் பாரைத் தூக்கி நிமிர்ந்து நின்றதைப் பார்த்தேன். போட்டியில் உன் கையிலிருந்து நழுவியதே, அதே எடைதான். பிரகாஷ் பயல் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். நான் அழுதேன் என்று அவன் பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான், நம்பு, உண்மைதான். உன் சூட்கேஸில் புடவைகளுக்கு அடியில் புது ஐசோலேட் டப்பா இருக்கிறது. இந்தத் தடவை நான் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

அப்பன் புத்தி சொல்ல வேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஆசையாகக் கொடுக்கிறார்கள் என்பதற்காக உனக்கு ஆகாததை விழுங்காதே. அது பாலாக இருந்தாலும் சரி, பேச்சாக இருந்தாலும் சரி. சொன்னால் மனசு கோணும் என்று நினைப்பாய். நேற்றுப் பார்த்தாயே, உன் மாமியார் மனசு கோணவில்லை, இளநீர் சீவச் சொன்னார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் நீ சொன்னால்தானே யார் எப்படி என்று தெரியும்? அதேபோல, நீ மாப்பிள்ளைக்கு ஆசையாக ஒன்றைச் செய்து கொடுத்தால், எதிரில் நின்று முகத்தையே பார்க்காதே. "ஒத்துக்குதா?" என்று ஒரு வார்த்தை கேள். இந்த இரண்டாவது பாதி நேற்று வரைக்கும் எனக்கே தெரியாது. இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது.

லீவுதானே என்று காலையிலேயே பால் காய்ச்சி உன் அம்மாவுக்கு எடுத்துப் போனேன். கொல்லைப்பக்கம் கறிவேப்பிலை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். நம் மரத்தைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. தெருவே பறித்துக்கொண்டு போகும், உன் கல்யாணச் சமையலுக்கே அதிலிருந்துதான் கொடுத்தோம், "இன்னா உரம் போடறீங்க?" என்று சமையல்காரர் அசந்து போனார். டம்ளரை நீட்டிக்கொண்டே, "நம்ம பொண்ணு நேத்து இன்னா தைரியமா சொல்லிச்சு பாத்தியா!" என்றேன்.

"பாத்தேன். அதான் நானும் ஒன்னு சொல்லிடலாம்னு கீறேன்."

"இன்னா?"

"எனக்கும் ஆவாதுய்யா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா ஆவாது?"

"பாலு. அந்தப் பனீர்த் தண்ணி. எதுவுமே ஆவாது. வவுத்தப் புடிச்சினு கொட்டாய்க்குப் பின்னாடி ஓடுவேனே, துணி அலசவா ஓடினேன்னு நெனச்ச?"

கையில் டம்ளரோடு நின்றேன். தொண்ணூற்று ஒன்றிலிருந்து என் மனசில் ஓடிக்கொண்டிருந்த காதல் கதை முழுக்க ஒரு நொடியில் தலைகீழாகப் புரண்டது. "அப்போ தெனிக்கும் நான் குடுத்த பாலு?" என்று கேட்டேன். அவள் அண்ணாந்து கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அடப்பாவி! பனைமரத்துக்குப் போட்டியாக அது வளர்ந்து நிற்கிறது!

"ஏண்டி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ ஆசையா எடுத்தாந்து குடுப்ப. எப்டி வாணாம்னு சொல்றது?" என்றாள். நீ சொன்ன அதே வார்த்தை, அதே குனிந்த தலை. அப்புறம் அவளே நிமிர்ந்து, "அவளுக்கு அந்த வாய் வந்துட்ச்சு. அதப் பாத்து எனக்கும் வந்துட்ச்சு" என்றாள்.

கௌரி, என் பொண்ணுக்கு நான் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்று நேற்றெல்லாம் மார் தட்டிக்கொண்டிருந்தேன். நீ சொன்ன ஒரு வார்த்தை நம் வீட்டுக்கும் சேர்த்து வேலை செய்துவிட்டது அம்மா. டம்ளர் பாலை நானே மரத்துக்கு ஊற்றினேன், பாவம், அதற்குப் பழகிவிட்டது. உள்ளே போய்ப் பால் இல்லாமல் கடுங்காப்பி போட்டு எடுத்து வந்து கொடுத்தேன். எதிரில் நிற்காமல் வாசலுக்குப் போய்விட வேண்டும் என்றுதான் பார்த்தேன், கால் வரவில்லை. "ஒத்துக்குதா?" என்று கேட்டேன். எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். டம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, ராணி மாதிரிச் சொன்னாள்:

"சக்கர பத்தல."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்போம், கண்ணு. நான் சர்க்கரை போடப் போகிறேன்.

உன் அப்பா